ஆண்ட்ராய்டா, ஐஓஎஸ்ஸா: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

போனை இயக்கும் மென்பொருளில் இரண்டு பெரிய பக்கம்: ஆப்பிளின் ஐஓஎஸ், கூகுளின் ஆண்ட்ராய்டு. ஐஓஎஸ் ஒன்றே ஒன்றுதான். ஐஃபோனில் மட்டும் ஓடும். ஆண்ட்ராய்டு அப்படியில்லை. அடித்தளம் கூகுளுடையது, அதன் மேல் சாம்சங் ஒன் யூஐ, ஷாவ்மி ஹைப்பர்ஓஎஸ் என்று கம்பெனிக்கொரு மேற்பூச்சு (திரையும் செட்டிங்கும் மாறும்). ஆகவே ‘ஆண்ட்ராய்டு நல்லதா, ஐஃபோன் நல்லதா’ என்று மொட்டையாகக் கேட்டால் பதில் வராது. எந்த மாடல் என்று கேட்க வேண்டும்.

முதலில் அப்டேட். கூகுளின் பிக்சல் 8 (2023), சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 (2024) இரண்டுக்கும் 7 ஆண்டு அப்டேட் என்று அறிவித்தே விற்றார்கள். ஆப்பிளைப் பொறுத்தவரை பழைய கணக்கைப் பார்த்தாலே தெரியும்: 2018-இல் வந்த ஐஃபோன் எக்ஸ்ஆருக்கு 2024-இன் ஐஓஎஸ் 18 வரை கிடைத்தது, 2025-இன் ஐஓஎஸ் 26 கிடைக்கவில்லை. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்களில்தான் சறுக்கல். அங்கே ஆண்டுகளும் குறைவு, பாதுகாப்பு பேட்ச் (ஓட்டைகளை அடைக்கும் சின்ன அப்டேட்) வருவதும் தாமதம். பலரும் கோட்டை விடும் இடம் இன்னொன்று உண்டு: அப்டேட் காலம் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, மாடல் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது. 4 ஆண்டு உறுதியளித்த போனை, வெளியாகி இரண்டு ஆண்டு கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால் மிச்சம் இரண்டுதான். கடையில் இருக்கும் டெமோ போனில் ‘அபௌட் போன்’ திறந்து, செக்யூரிட்டி அப்டேட் தேதியைப் பாருங்கள். ஆறு மாதப் பழசாக இருந்தால் அந்தக் கம்பெனி எப்படிப்பட்டது என்று புரிந்துவிடும்.

அடுத்தது கட்சி மாறுவது, அதாவது ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவுவது. உண்மையான செலவு இங்கேதான். வாட்ஸ்அப் பேக்கப் ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்குக்குப் போகிறது, ஐஃபோனில் ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுடுக்கு. ஒன்றிலிருந்து எடுத்ததை மற்றதில் ரீஸ்டோர் செய்ய முடியாது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐஃபோனுக்குப் போகிறவர்கள் பழைய போனில் ‘மூவ் டு ஐஓஎஸ்’ செயலியைப் போட்டு, இரண்டையும் சார்ஜரில் செருகி, ஒரே வைஃபையில் வைத்து, ஐஃபோன் செட்டப் ஓடும்போதே வாட்ஸ்அப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போன் எண்ணும் மாறக் கூடாது. ஆர்வத்தில் செட்டப்பை முடித்துவிட்டு அப்புறம் யோசிப்பவர்கள், போனை முழுதும் அழித்து முதலிலிருந்து தொடங்க நேரிடும். எதிர்த் திசையில் போக இரண்டு போனையும் இணைக்கும் கேபிள் வேண்டும். அதையும் புது ஆண்ட்ராய்டின் செட்டப் நேரத்திலேயே செய்துவிடுவது நல்லது. ஐஃபோனை விட்டுப் போகிறவர்கள் சிம்மைக் கழற்றும் முன் ஐமெசேஜை (ஆப்பிளின் செய்திச் சேவை) அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஐஃபோன் நண்பர்கள் அனுப்பும் செய்தி பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கும்.

காசு கொடுத்து வாங்கிய செயலிகள் உங்களோடு வராது, திரும்ப வாங்க வேண்டும். மாதச் சந்தா பெரும்பாலும் அதே லாகினில் தொடரும். கடிகாரமும் கணக்கில் உண்டு: ஆப்பிள் வாட்ச்சுக்கு ஐஃபோன் தேவை, வாட்ச்4 முதலான கேலக்ஸி வாட்ச்களுக்கு ஆண்ட்ராய்டு தேவை.

இணையத்தில் இலவசச் சேமிப்பிடம் கூகுளில் 15 ஜிபி, ஐகிளவுடில் 5. கூகுளின் 15-ஐ ஜிமெயிலும் போட்டோவும் பங்குபோட்டுக்கொள்கின்றன. அந்த 5 ஜிபியோ பேக்கப் ஓட ஆரம்பித்த வாரத்திலேயே நிரம்பிவிடும். ஐஃபோனில் மெமரி கார்டு போட வழியே இல்லை என்பதால், வீடியோ எடுக்கிறவர்கள் 256 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள்.

அன்றாடப் புழக்கத்தில் ஆண்ட்ராய்டின் பெரிய குறை, சில கம்பெனிகள் பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பின்னணிச் செயலிகளைக் கொன்றுவிடுவது. மெசேஜ் தாமதமாக வரும், நினைவூட்டல் ஒலிக்காது. அந்தச் செயலியின் பேட்டரி செட்டிங்கில் ‘அன்ரெஸ்ட்ரிக்டெட்’ வைத்தால் பெரும்பாலும் சரியாகும். ஐஓஎஸ்ஸும் பின்னணியை இறுக்கிப் பிடிக்கிறதுதான், ஆனால் எல்லா ஐஃபோனிலும் ஒரே விதி. அதனால் செயலி எழுதுபவர்கள் அதற்கேற்பத் தயாராக இருக்கிறார்கள். கோப்பு வேலையில் ஆண்ட்ராய்டின் கைதான் மேல்: விண்டோஸ் கணினியில் செருகினால் ஃபோல்டர்கள் அப்படியே திறக்கும். ஐஃபோன் அங்கே படங்களையும் வீடியோக்களையும்தான் காட்டும். தமிழ் எழுத இரண்டுமே போதும். ஐஓஎஸ்ஸில் அஞ்சல், தமிழ்99 என்ற இரண்டு தமிழ் விசைப்பலகைகளும் உள்ளேயே இருக்கின்றன.

மூன்றாவது வழியாக ஹுவாவேயின் ஹார்மனிஓஎஸ், ஆண்ட்ராய்டிலிருந்து உருவான கிராஃபீன்ஓஎஸ் என்று சிலர் சொல்வார்கள். முந்தையதன் புதிய நெக்ஸ்ட் வகை ஆண்ட்ராய்டு செயலிகளுக்கு விடை கொடுத்துவிட்டது. பிந்தையது தனியுரிமைக்கு அருமையானது, ஆனால் சில வங்கிச் செயலிகள் அதில் மக்கர் செய்யும். உங்கள் வங்கிச் செயலி ஓடுகிறதா என்று தெரியாமல் அதில் இறங்காதீர்கள்.

ஐந்தாறு ஆண்டு ஒரே போனை ஓட்டுவேன், எதையும் நோண்ட மாட்டேன் என்பவர்களுக்கு ஐஃபோனோ, 7 ஆண்டு ஆண்ட்ராய்டோ, இரண்டில் எதுவானாலும் சரி. இப்போதிருக்கும் பக்கத்திலேயே நிற்பது சுலபம். செகண்ட் ஹேண்ட் வாங்கினால் மட்டும் ஒரு விஷயம்: இரண்டு பக்கமும் திருட்டைத் தடுக்கும் பூட்டு உண்டு, பழைய சொந்தக்காரரின் கணக்கோடு போன் பூட்டப்பட்டிருக்கும். காசு கொடுக்கும் முன், விற்பவர் உங்கள் கண் முன்னே தன் கணக்கை நீக்கி, போனை அழித்து, வரவேற்புத் திரை பழைய கணக்கைக் கேட்காமல் தாண்டுகிறதா என்று காட்டட்டும்.