பழைய லீவர் எஸ்பிரெஸ்ஸோ மெஷின் வாங்குகிறவர்கள், காசு கொடுப்பதற்கு முன் அடிப்பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள்

இணையத்தில் பழைய மெஷின் விற்கிற ஒருவரிடம் 1,850 ரிங்கிட் கொடுத்து ஏமாந்துவிட்டேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. அன்றைக்கு அம்மா மட்டும் தனியாக சமையலறையில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் தூக்கம் வரவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட். அம்மா ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் மரம் வெட்டியவர். விடியற்காலை நாலு மணிக்குக் கறுப்புக் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிய பழக்கம், தோட்டத்தை விட்டுத் தாமான் என்கிற குடியிருப்புக்குக் குடிவந்து இத்தனை வருஷம் ஆகியும் அந்த நேரத்துக்கு எழுந்து காப்பி போடுவார். ஈப்போவில் ஒரு கடையில் லீவர் மெஷினில் இழுத்த காப்பியை அவருக்கு வாங்கிக் கொடுத்தேன், சின்னக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குடித்தார். அன்றிலிருந்து வீட்டில் ஒன்று வாங்கி வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

லீவர் மெஷினில் பம்ப் கிடையாது. கைப்பிடியைத் தூக்கினால் கொதிகலனிலிருந்து சுடுதண்ணீர் காப்பித்தூள் மேல் இறங்கும், சில விநாடி ஊறவிட்டு நாமே கைப்பிடியை அழுத்தி இறக்க வேண்டும், 8, 9 பார் அழுத்தம் நம் கையிலிருந்தே வருகிறது. மிலானைச் சேர்ந்த அக்கில்லே காஜியா 1940-களில் ஸ்பிரிங் வைத்த லீவரைக் கொண்டுவந்த பிறகுதான் எஸ்பிரெஸ்ஸோ மேல் அந்தப் பழுப்பு நுரையே வந்தது. வீட்டுக்கான சின்ன மெஷினில் பெரும்பாலும் ஸ்பிரிங் இருக்காது, எல்லாம் கைப்பலம்தான்.

விற்றவர் தமிழில்தான் பேசினார். "எல்லா கேஸ்கெட்டும் மாத்தியாச்சு அண்ணே, இத்தாலி ஒரிஜினல், பிளக்க சொருகினா போதும்" என்றார். அழகாக காப்பி இழுக்கிற ஒரு வீடியோவும் அனுப்பினார். விற்பனைத் தளம் வழியாக வாங்கினால் கமிஷன் போகும், நேராக பேங்கில் போட்டால் 100 ரிங்கிட் குறைக்கிறேன் என்றார், நானும் போட்டுவிட்டேன். இது என் தவறு, இதை மறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் ஊற்றி சுவிட்சைப் போட்டேன். முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர், 1000 வாட் மெஷின் என்று சொல்லியிருந்தார், கொதிக்க நாலு நிமிஷமாவது ஆக வேண்டும். ஒரு நிமிஷத்தில் உள்ளே தளதளவென்று சத்தம் வந்துவிட்டது. நல்ல மெஷின் போலிருக்கிறது என்று அம்மா சொல்லி வாய் மூடவில்லை, ரப்பர் கருகும் வாடை, அப்புறம் மேலே இருக்கும் சேஃப்டி வால்வு சீறிக்கொண்டு ஆவியைத் துப்பியது. அம்மாவைப் பின்னால் தள்ளிவிட்டு சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தேன். பிளக்கைத் தொட்டால் சுட்டது, வயர் ஒரு இடத்தில் இளகிப்போயிருந்தது. மெஷின் முழுசாக ஆறுகிற வரைக்கும் கைப்பிடியையும் தூள் போடும் கிண்ணத்தையும் தொடவில்லை. நீங்களும் தொடாதீர்கள், உள்ளே அழுத்தம் இருக்கும்போது அந்தக் கிண்ணத்தைக் கழற்றினால் கொதிக்கிற தண்ணீரும் தூளும் முகத்தில்தான் அடிக்கும்.

மச்சான் செம்பனை ஆலையில் வயர்மேன். சாயங்காலம் மல்டிமீட்டரோடு வந்து மெஷினைக் கவிழ்த்துப் பார்த்தார். வோல்ட், வாட் எல்லாம் அச்சடித்த தகடு அடியில் இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த பசை மட்டும் சதுரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீரைச் சூடாக்கும் எலிமெண்டின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தார், 14 ஓம் சொச்சம். நம் ஊர் மின்சாரத்துக்கான 1000 வாட் எலிமெண்ட் என்றால் 57 ஓம் பக்கத்தில் காட்ட வேண்டுமாம். இது அமெரிக்காவுக்குச் செய்த 120 வோல்ட் மெஷின். 240 வோல்ட்டில் போட்டால் நாலு மடங்கு, அதாவது 4000 வாட் இழுக்கும், கிட்டத்தட்ட 17 ஆம்பியர். பிளக்கில் இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூஸ் அதற்கு உடனே போகாது, ரொம்ப நேரம் தாங்கிக்கொண்டே இருக்கும், வயர்தான் முதலில் எரியும் என்றார். பழைய பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு நம் ஊர் மூன்று முனை பிளக்கைப் புதிதாக மாட்டியிருக்கிறார்கள். எனக்கு எப்படிச் சந்தேகம் வரும்?

கேஸ்கெட்டும் மாற்றவில்லை. பிஸ்டனைக் கழற்றினால் ரப்பர் வளையம் நகத்தால் கீறக்கூட முடியாத அளவுக்கு இறுகிக் கிடந்தது.

விற்றவருக்குச் செய்தி அனுப்பினேன். "உங்களுக்கு யூஸ் பண்ணத் தெரியல அண்ணே, புதுசா வாங்கறவங்க எல்லாரும் இப்படித்தான் எரிச்சிடறாங்க" என்று பதில் வந்தது. எல்லாரும் என்றால், எனக்கு முன்னாலும் யாருக்கோ இப்படி நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு பிளாக் செய்துவிட்டார். ராத்திரி அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இடது மூலையில், மேசைக்குக் கீழே, ஒரு சாம்பல் நிறப் பெட்டியின் விளிம்பு தெரிகிறது, மெஷினின் வயர் அதற்குள்தான் போகிறது. அது 240 வோல்ட்டை 120 ஆகக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் என்று மச்சான் பார்த்தவுடனே சொன்னார். தெரியாமல் விற்கவில்லை. தெரிந்துதான் விற்றிருக்கிறார்.

வாங்குகிறவர்கள் அடியில் இருக்கும் தகட்டை எழுத்து தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தகடு இல்லை, தேய்ந்துபோச்சு என்று சொன்னால் விட்டுவிடுங்கள். சுவர் சுவிட்சில் ஆரம்பித்து, ஆறிய மெஷின் சூடாகிற வரைக்கும் வெட்டாமல் எடுத்த வீடியோ கேளுங்கள். தளத்துக்கு வெளியே பணம் போடாதீர்கள், போட்டே ஆக வேண்டும் என்றால் அந்தக் கணக்கு எண்ணை மோசடிக் கணக்கா என்று பார்க்க உதவும் போலீஸின் செமாக் மியூல் இணையப் பக்கத்தில் தட்டிப் பாருங்கள். பணம் போட்ட கையோடு மோசடி என்று தெரிந்தால் தேசிய மோசடிப் புகார் மையத்தின் 997 எண்ணுக்கு உடனே அழையுங்கள், நான் நாட்களைக் கடத்திவிட்டேன்.

இதைத் தொழிலாகவே செய்கிறவர் என்பதால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 ரிங்கிட்தான், 50,000 ரிங்கிட் வரைக்கும் கோரலாம், மூன்று வருஷத்துக்குள் போக வேண்டும், வக்கீல் தேவையில்லை. விசாரணை முடிகிற வரைக்கும் எதையும் பழுது பார்க்கக் கூடாது என்று மச்சான் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். மெஷின், இளகிய வயர், பசை ஒட்டிய அடிப்பாகத்தின் படங்கள் எல்லாம் ஒரு பெட்டியில் இருக்கின்றன.

நேற்று வேறொரு பெயரில் அதே வீடியோ திரும்ப வந்திருக்கிறது, விலை 2,100. இடது மூலையில், மேசைக்குக் கீழே, அந்தச் சாம்பல் பெட்டி இப்போதும் தெரிகிறது. பார்த்தால் வாங்காதீர்கள்.