தைத்த கொடியா, அச்சிட்ட கொடியா? தயாரிப்புப் பிழையுள்ள பழைய அமெரிக்கக் கொடிகள்

பிழையுள்ள பழைய கொடிகளைச் சேகரிக்கத் தொடங்குபவர் தைத்ததை வாங்கலாமா, அச்சிட்டதை வாங்கலாமா? ஒப்பிட, இரண்டுக்கும் 48 நட்சத்திரக் கொடியையே (1912 ஜூலை 4 முதல் 1959 ஜூலை 3 வரை வழக்கில் இருந்தது) எடுத்துக்கொள்வோம்.

பிழை
தைத்தது: 13-க்குப் பதில் 12 அல்லது 14 பட்டை, ஒரு பக்கம் மட்டும் விடுபட்ட நட்சத்திரம்.
அச்சு: நிறங்கள் விலகி, நட்சத்திரங்கள் உள்ள நீலக் கட்டத்தின் ஓரத்தில் வெள்ளைக் கீற்று.

போலி
தைத்தது: ஏமாற்று இங்கேதான் அதிகம். நட்சத்திரத்தைப் பிரித்தெடுத்துவிட்டு "அபூர்வப் பிழை" என்பார்கள். அந்த இடத்தில் ஊசித் துளைகளும், நட்சத்திரம் மூடியிருந்ததால் வெளுக்காத நீலமும் தெரிந்தால் வாங்காதீர்கள். புற ஊதா விளக்கில் நூல் மட்டும் பளிச்சென்று ஒளிர்ந்தால் அது பிற்காலத் தையலாக இருக்கலாம். துணியும் சேர்ந்து ஒளிர்ந்தால் நவீன சலவைத்தூளில் துவைத்திருக்கலாம். அதை வைத்து முடிவுக்கு வர முடியாது.
அச்சு: 10 மடங்கு லென்ஸில் மை பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரிந்தால் பிற்காலக் கணினி அச்சாக இருக்கலாம்.

பராமரிப்பு
தைத்த கம்பளி: அந்துப்பூச்சி அரிக்கும். பையில் காற்றுப் புகாமல் மூடி உறைபெட்டியில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் வையுங்கள்.
அச்சிட்ட பருத்தி: நனைக்கவே கூடாது, சிவப்புச் சாயம் கசியும்.

சுவரில் சட்டமிட, குறைந்த செலவில் தொடங்க, கையடக்க அச்சுக் கொடி போதும். தையலை ஆராயும் பொறுமையும், மடிக்காமல் உருளையில் சுற்றிவைக்க இடமும் இருந்தால் தைத்ததை வாங்குங்கள்.