பாஸ்ட்ராமி சாண்ட்விச்: நியூயார்க், மாண்ட்ரியல், லாஸ் ஏஞ்சல்ஸ்

மூன்று ஊரிலும் ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டிக்கு நடுவே பதப்படுத்திய மாட்டுக்கறிதான். ஆனால் கறியை உப்பில் போடும்போதே வழி பிரிந்துவிடுகிறது.

நியூயார்க்கில் மரபாக எடுப்பது நெஞ்சுக்கறிக்குப் பின்னால் உள்ள, கொழுப்பு மிகுந்த அடிவயிற்றுப் பகுதி. இப்போது நெஞ்சுக்கறியான பிரிஸ்கெட்டும் பரவலாகிவிட்டது. சர்க்கரை சேர்ந்த உப்புநீரில் ஊறுவதால் கடைசியில் லேசான இனிப்பு நிற்கும். 1888இல் தொடங்கிய காட்ஸ் கடையில் இன்றும் கையால்தான் வெட்டுகிறார்கள்.

மாண்ட்ரியலின் ஸ்மோக்ட் மீட் பிரிஸ்கெட்டில் செய்வது. உப்பும் மசாலாவும் உலர்வாகவே தேய்ப்பார்கள். சர்க்கரை குறைவு, மிளகும் கொத்தமல்லி விதையும் தூக்கல். 1928இல் பிறந்த ஷ்வார்ட்ஸ் கடைக்குப் போனால் 'மீடியம்' கேளுங்கள். கொழுப்பில்லாத 'லீன்' சீக்கிரம் வறண்டுவிடும். மேலே மஞ்சள் மஸ்டர்ட் (கடுகு சாஸ்) மட்டும் போதும்.

வீட்டில் செய்ய மாண்ட்ரியல் முறையே தோது. பெரிய உப்புநீர்ப் பாத்திரம் வேண்டாம். கிலோ கறிக்கு உப்பு 25 கிராம், 6.25 சதவீத நைட்ரைட் கொண்ட, கறியைப் பதப்படுத்தும் க்யூரிங் சால்ட் 2.5 கிராம். இதைக் கரண்டியால் அளக்காதீர்கள், தராசில் நிறுங்கள், கூடினால் ஆபத்து. க்யூரிங் சால்ட்டுக்குப் பெரும்பாலும் இளஞ்சிவப்பு நிறம் சேர்த்திருப்பார்கள். இந்துப்பும் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும், ஆனால் அது இதற்கு ஆகாது. இடித்த மிளகும் மல்லியும் தாராளமாகத் தேய்த்து, பையில் மூடி, 4 செ.மீ. கனமுள்ள துண்டை 8 முதல் 10 நாள் ஃபிரிட்ஜில் வைத்துத் தினமும் திருப்ப வேண்டும். பிறகு கழுவி, மறுபடி மசாலா பூசி, 110 டிகிரி செல்சியஸ் புகையில் உட்சூடு 70 டிகிரி வரும்வரை வைத்து, ஆவியில் 95 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

பலர் தவறுவது இங்கேதான். 70 டிகிரியில் கறி வெந்திருக்கும், ஆனால் இணைப்புத் திசு கரைந்திருக்காது, ரப்பர்போல இழுக்கும். ஆவிக்குப் பதில் தண்ணீரில் வேகவைத்தால் மசாலா கழன்றுவிடும். வெட்டுவது நாருக்குக் குறுக்கே. பிரிஸ்கெட்டின் இரு தசைகளிலும் நார் வெவ்வேறு திசையில் ஓடும் என்பதால், நடுவில் கறியைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸில் 1947 முதல் இருக்கும் லாங்கர்ஸ் கடையின் 19ஆம் எண் சாண்ட்விச்சில் பாஸ்ட்ராமியோடு சுவிஸ் சீஸ், கோல்ஸ்லா என்ற முட்டைக்கோஸ் சாலட், மயோனைஸ் கலந்த ரஷ்யன் டிரெஸ்ஸிங் மூன்றும் சேரும். ரூபன் என்ற சாண்ட்விச்சைப் போலத் தோன்றினாலும் ரூபன் வேறு: அதில் கார்ன்ட் பீஃபும் (உப்பில் ஊறவைத்து வேகவைத்த மாட்டுக்கறி) புளித்த முட்டைக்கோஸும் வைத்துக் கல்லில் வாட்டுவார்கள். இங்கே ரொட்டியை இரண்டாம் முறை பேக் செய்து, ஓரம் மொறுமொறுப்பானதும் சூட்டோடு வெட்டுகிறார்கள். இத்தனை ஈரத்தைத் தாங்க அந்த ஓரம் அவசியம். சாதா ரை ரொட்டிதான் கிடைக்கிறது என்றால், கோல்ஸ்லாவைப் பிழிந்துவிட்டு வையுங்கள்.