டோக்கனை எங்கே வைப்பது: நினைவகமா, கோப்பா, ரெடிஸா?

ஏபிஐ (ஒரு சேவையை நிரல் வழியாக அழைக்கும் வாசல்) ஒன்றோடு பேசும் நிரலை முதன்முதலாக எழுதியபோது, ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் புது டோக்கன் (உள்ளே விடும் தற்காலிக அனுமதிச் சீட்டு) வாங்கினேன். ஒருமுறை காட்டியதும் அதைத் தூக்கி எறிந்தேன். சோதனையில் நன்றாகத்தான் ஓடியது. ஆயிரக்கணக்கான பதிவுகளை இழுக்கும் இரவு வேலையில் போட்டதும் பாதி வழியில், 'அளவுக்கு மீறிக் கேட்கிறாய்' என்னும் 429 பிழை வந்து நின்றுவிட்டது. என்னைத் தடுத்தது தரவு தரும் ஏபிஐ அல்ல, டோக்கன் தரும் சர்வர்.

டோக்கனைத் தரும்போதே அது எத்தனை நொடி செல்லும் என்பதையும் 'எக்ஸ்பயர்ஸ்_இன்' என்ற புலத்தில் சொல்லும்படி, டோக்கன் தருவதற்கான பொது நெறிமுறையான ஓஆத் 2.0 (ஆர்எஃப்சி 6749, 2012) பரிந்துரைக்கிறது. கூகுளில் அது பொதுவாக ஒரு மணி நேரம். மைக்ரோசாஃப்டின் உள்நுழைவுச் சேவையான என்ட்ராவோ இயல்பாக 60 முதல் 90 நிமிடத்துக்குள் ஏதோ ஒரு நேரத்தைத் தருகிறது. அதனால் 3600 நொடி என்று நிரலில் எழுதி வைக்காமல் வந்த எண்ணையே படிப்பது நல்லது. சரி, வாங்கியதை எங்கே வைப்பது?

நினைவகத்தில் வைப்பதுதான் எளிது. ஒரு மாறியில் டோக்கன், பக்கத்திலேயே காலாவதி நேரம். வட்டில் எதுவும் தங்காது, செயல்முறை முடிந்தால் டோக்கனும் போய்விடும். என் இரவு வேலைக்கு இதுவே போதுமானதாக இருந்தது. 'எட்டு வொர்க்கர் (ஒரே வேலையைப் பகிர்ந்து ஓடும் செயல்முறைகள்) ஓடினால் எட்டு டோக்கன் ஆகிவிடுமே' என்று பலர் தயங்குகிறார்கள். ஆகட்டுமே! மணிக்கு ஒருமுறை புதுப்பித்தால் நாளுக்கு 192 முறைதான் வாங்க வேண்டியிருக்கும். ஒரே நேரத்தில் பல டோக்கன்கள் செல்லும் சேவையில் இது ஒரு பொருட்டே இல்லை.

புது டோக்கன் கொடுத்ததும் பழையதைச் செல்லாததாக்கும் சேவைகளில்தான் கதை மாறும். சீனச் செயலியான வீசாட்டின் அலுவல் கணக்குகளுக்கான ஏபிஐ இதற்கு நல்ல உதாரணம். அதன் வழக்கமான டோக்கனுக்கு ஆயுள் 2 மணி நேரம், மறுபடி வாங்கினால் முந்தையது செல்லாது. இங்கே எட்டு வொர்க்கரும் தனித்தனியாக வாங்கினால் ஒருவர் டோக்கனை இன்னொருவர் கொன்றுகொண்டே இருப்பார்கள். டோக்கன் வாங்குவதை ஒரே மைய சர்வரிடம் விடச் சொல்லி அவர்களுடைய ஆவணமே அறிவுறுத்துகிறது.

எல்லா வொர்க்கரும் எட்டக்கூடிய, ரெடிஸ் போன்ற பொதுத் தரவுக் கிடங்கு தேவைப்படுவது இங்கேதான். டோக்கனை அதன் ஆயுளைவிடச் சற்றுக் குறைந்த காலாவதியோடு வைத்துவிட்டால் எல்லா வொர்க்கரும் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் காலாவதியானதும் எட்டுப் பேரும் ஒரே நொடியில் புதுப்பிக்க ஓடுவார்கள். அதைத் தடுக்க, சாவி (கிடங்கில் தரவுக்கு வைக்கும் பெயர்) இல்லாதபோது மட்டும் எழுதும் கட்டளையால் ஒரு பூட்டு போட வேண்டும், பூட்டுக்கும் காலாவதி வேண்டும். பூட்டு கிடைத்த பிறகு, 'வேறு யாராவது இதற்குள் புதுப்பித்துவிட்டார்களா' என்று மறுபடி பார்க்கவும் வேண்டும். அப்புறம், பேரர் டோக்கன் என்பது கையில் வைத்திருப்பவருக்கே உரிமை தருவது. ரெடிஸைப் படிக்க முடிந்த யாரும் உங்கள் பெயரில் ஏபிஐயை அழைக்கலாம். சும்மா இருக்கட்டும் என்று இதைச் சேர்க்க மாட்டேன்.

கோப்பு, கட்டளைவரிக் கருவிகளுக்குப் பொருந்தும். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கும் செயல்முறைக்கு நினைவகத்தால் பயனில்லை. ஏடபிள்யூஎஸ் கட்டளைவரிக் கருவியும் ஒற்றை உள்நுழைவு டோக்கனைப் பயனரின் கோப்பகத்தில்தான் வைக்கிறது. கோப்பின் அனுமதி 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) ஆக இருக்கட்டும். தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்துவிட்டுப் பெயரை மாற்றுங்கள், பாதி எழுதிய கோப்பை யாரும் படிக்க நேராது.

எங்கே வைத்தாலும் சாவியில் வாடிக்கையாளர் அடையாளமும் உரிமை வரம்பும் இருக்க வேண்டும். வெறும் 'டோக்கன்' என்று பெயர் வைத்தால் ஒருவருடைய டோக்கனோடு இன்னொருவர் தரவு போய்ச் சேரும்.

எப்போது புதுப்பிப்பது என்பதிலும் இரண்டு கட்சி உண்டு. கடிகாரக் கட்சி, காலாவதிக்கு ஒரு நிமிடம் முன்பே புதுப்பிக்கும். இடையில் ரத்தான டோக்கன் அதற்குத் தெரியாது. 401 கட்சி, 'டோக்கன் செல்லாது' என்று சர்வர் 401 பிழையோடு மறுக்கும்வரை காத்திருக்கும். எதையும் கணக்கிட வேண்டாம், ஆனால் ஒவ்வொரு காலாவதிக்கும் ஓர் அழைப்பு வீண். நான் இரண்டையும் சேர்த்தே வைக்கிறேன்: முதலில் கடிகாரம், தப்பி வந்த 401-க்கு ஒரே ஒரு மறுமுயற்சி. ஒன்றுக்கு மேல் விட்டால், டோக்கன் வாங்கக் காட்டும் ரகசியச் சொல் தவறாக இருக்கும் நாளில் முடிவில்லாத சுழற்சியில் மாட்டுவீர்கள். 403 வந்தால் புதுப்பிக்கவே வேண்டாம், அது உரிமைச் சிக்கல்.

சர்வருக்குச் சர்வர் பேசும் முறையில் டோக்கன் தொலைந்தால் நஷ்டமில்லை, மறுபடி கேட்டால் வந்துவிடும். பயனர் உள்நுழைந்ததால் கிடைத்த ரிஃப்ரெஷ் டோக்கன் (புது டோக்கன் வாங்கக் காட்டுவது) அப்படியல்ல. தொலைத்தால் அவரை மறுபடி உள்நுழையச் சொல்ல வேண்டும். அதனால் அது நினைவகத்தில் மட்டும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் அதை மாற்றித் தரும் சர்வரானால் பூட்டும் கட்டாயம். இரண்டு வொர்க்கர் ஒரே பழைய ரிஃப்ரெஷ் டோக்கனை நீட்டினால், சர்வர் அதைத் திருட்டு என்று எடுத்துக்கொண்டு இருவருடைய டோக்கனையும் ரத்து செய்துவிடலாம்.