பரிணாமமும் படைப்புவாதமும்: சான்றுகளின் முன் எது எப்படி நிற்கிறது?

முதல் உயிர் எப்படித் தோன்றியது என்பது ஒரு கேள்வி. தோன்றிய உயிர் எப்படி இத்தனை இனங்களாகக் கிளைத்தது என்பது இன்னொரு கேள்வி. 1859இல் டார்வின் பதில் சொன்னது இரண்டாவதற்குத்தான். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் விவாதம் எங்கும் போய்ச் சேராது.

உயிர்களைக் கடவுள் படைத்தார் என்னும் படைப்புவாதமும் ஒரே கட்சி அல்ல. பூமியின் வயதே 6,000 முதல் 10,000 ஆண்டுதான் என்பவர்கள் ஒரு சாரார். பூமி பழையதுதான், ஆனால் இனங்கள் தனித்தனியாகப் படைக்கப்பட்டவை என்பவர்கள் இன்னொரு சாரார். உயிரின் சிக்கலான அமைப்புக்குப் பின்னால் ஓர் அறிவு இருந்தாக வேண்டும் என்னும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' பேசுவோர் மூன்றாம் வகை. அவர்களில் முக்கியமானவரான உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி, வெவ்வேறு இனங்களுக்கு ஒரே பொது மூதாதை உண்டு என்பதைக்கூட மறுப்பதில்லை. எதிரே இருப்பவர் எந்தச் சாரார் என்று கேட்டுக்கொள்ளாமல் சான்றுகளை அடுக்குவது வீண் வேலை.

பூமியின் வயதில் போட்டி சமமானதே இல்லை. சிர்க்கான் என்னும் கனிமத்தின் படிகம் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும். ஈயத்தை ஏறக்குறைய முழுவதும் ஒதுக்கிவிடும். ஆகவே பிற்பாடு அதற்குள் காணும் ஈயம் யுரேனியம் சிதைந்து உண்டானது. யுரேனியம்-238இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 447 கோடி ஆண்டு; யுரேனியம்-235இன் அரை ஆயுள் சுமார் 70 கோடி. ஒரே படிகத்தில் வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள் இவை. ஈயம் இடையில் கசிந்திருந்தால் இரண்டும் முரண்பட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் சிர்க்கான்களில் மிகப் பழையதற்கு வயது ஏறத்தாழ 440 கோடி ஆண்டு.

1980களில் உறைந்த, அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலைப் பாறைக்குப் பொட்டாசியம்-ஆர்கான் முறை சுமார் 3.5 லட்சம் ஆண்டு காட்டியதே என்று படைப்புவாதிகள் கேட்பார்கள். காட்டியது உண்மை. ஆனால் இந்த முறை, பொட்டாசியம்-40 சிதைந்து உண்டாகும் ஆர்கானை அளந்து வயதைக் கணக்கிடுவது; பொட்டாசியம்-40இன் அரை ஆயுளோ 125 கோடி ஆண்டு. சில ஆண்டுகளே ஆன பாறையில் அளக்கும் அளவுக்கு ஆர்கான் சேர்ந்திருக்காது. முன்பே உருவான படிகங்கள் சுமந்துவந்த துளி ஆர்கான்கூடக் கணக்கைக் கெடுத்துவிடும். டைனோசர் எலும்பில் கார்பன்-14 கிடைத்தது, ஆகவே அது அவ்வளவு பழையதல்ல என்பதும் இதே வகை. அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. எவ்வளவு பழைய மாதிரியானாலும் நூற்றில் ஒரு பங்கு புதிய கார்பன் கலந்தால் போதும், வயது 40,000 ஆண்டுக்குக் கீழே வந்துவிடும்.

புதைபடிவத்தில் 'டிக்டாலிக்' பெயர்பெற்றது. மீனுக்கும் நான்கு கால் விலங்குகளுக்கும் இடைப்பட்ட உயிர் எந்தக் காலத்துப் பாறையில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணித்து, கனடாவின் எல்ஸ்மியர் தீவில் தேடி, 2004இல் கண்டெடுத்தார்கள். வயது சுமார் 37.5 கோடி ஆண்டு. பிறகு போலந்தில் அதைவிடப் பழைய, நான்கு கால் விலங்குகளின் காலடித் தடங்கள் கிடைத்ததாக 2010இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே டிக்டாலிக்கை நம் நேரடி மூதாதை என்று காட்டுவது தவறு. இடைநிலை உடலமைப்புக்கு அது சான்று, அவ்வளவே.

என் பார்வையில் புதைபடிவத்தைவிட வலுவான சான்று உடைந்த மரபணு. பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சியைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. அதன் கடைசிப் படிக்குத் தேவையான நொதியின் மரபணு மனிதனிடம் செயலிழந்து கிடக்கிறது. சிம்பன்சியிடமும் அதே இடத்தில் அதே சிதிலம். கினிப் பன்றிக்கும் அந்த மரபணு வேலை செய்யாது. ஆனால் அது உடைந்திருக்கும் விதம் வேறு. 'ஒரே வடிவமைப்பாளர் ஒரே பாகத்தை மறுபடி பயன்படுத்தினார்' என்ற விளக்கம் வேலை செய்யும் பாகத்துக்குப் பொருந்தும். ஒரே மாதிரி உடைந்த பாகத்துக்கு எப்படிப் பொருந்தும்? பொது மூதாதையிடம் ஒருமுறை உடைந்து பரம்பரையாக வந்தது என்றால் கினிப் பன்றியின் வேறுபாடும் சேர்ந்தே விளங்கிவிடுகிறது.

பாக்டீரியா நீந்தப் பயன்படும் வால் போன்ற கசையிழையில் ஒரு பாகம் போனாலும் அது இயங்காது, எனவே படிப்படியாக வந்திருக்க முடியாது என்று பீஹி 1996இல் வாதிட்டார். ஆனால் கசையிழைப் புரதங்களில் பலவற்றுக்கு உறவான புரதங்கள், சில பாக்டீரியாக்கள் நச்சுச் செலுத்தும் ஊசி போன்ற அமைப்பிலும் இருக்கின்றன. முழுமையடையாத தொகுதிக்கும் வேறு வேலை இருக்கலாம் என்று அது காட்டுகிறது. அந்த ஊசியிலிருந்துதான் கசையிழை பிறந்தது என்று சில பரிணாம ஆதரவாளர்கள் சொல்வது மிகை. கசையிழைதான் முந்தியது என்றே ஆய்வுகள் சுட்டுகின்றன.

முதல் உயிர் எப்படித் தோன்றியது என்ற முதல் கேள்விக்கு வந்தால் பரிணாமத் தரப்பு அடக்கமாகப் பேச வேண்டும். 1953இல் வேதியியலாளர் ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவிக் கலவையில் மின்பொறி பாய்ச்சி புரதங்களின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்களைப் பெற்றார். ஆதி வளிமண்டலம் அந்தக் கலவையைப் போல் இருந்ததா என்பது இன்று ஐயத்துக்குரியது; அமினோ அமிலத்துக்கும் உயிரணுவுக்கும் உள்ள தூரமும் பெரிது. 1980களில் மரபுத் தகவலைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வே, வேதிவினைகளை வேகப்படுத்தும் நொதியாகவும் வேலை செய்யும் என்று தெரிந்தது ஒரு நல்ல படி. எளிய வேதிப்பொருட்களிலிருந்து தானே பெருகும் உயிரணுவை இதுவரை எந்த ஆய்வகமும் உண்டாக்கியதில்லை. படைப்புவாதம் இங்கே 'கடவுள்' என்று பதில் தருகிறது. எந்த வழியாக, எந்த வரிசையில் என்று சொல்லாததால் அதைச் சோதிக்க வழியில்லை.