டோரில் எக்ஸிட் நாட்டை நாமே போடலாமா? சில வருட அனுபவம்

பெங்களூரு மடிவாளாவில் என்னோடு ஒரே ரூமில் இருந்த நண்பன் இப்போது மியூனிக்கில் இருக்கிறான். போன வாரம் போனில் கேட்டான்: "டேய், நீ வருஷக்கணக்கா டோர் வச்சிருக்கியே, எக்ஸிட்டுக்கு இந்தியான்னு போட முடியுமா?" நம்ம ஊர் அரசுத் தளம் ஒன்று வெளிநாட்டு ஐபியைக் (இணையத்தில் நம் கணினியின் முகவரி) கண்டால் திறப்பதில்லையாம். டோர் என்பது நம் இணையப் போக்குவரத்தை ரிலே எனப்படும் மூன்று கணினிகள் வழியே அனுப்பி, நாம் யார் என்பதை மறைக்கும் வலையமைப்பு. அதில் கடைசி ரிலேதான் எக்ஸிட், அதாவது வெளியே வரும் வாசல். தளத்துக்குத் தெரிவது அதன் ஐபிதான்.

போட முடியும். டோரின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து நாட்டுக் குறியீட்டைக் கொடுத்தால் போதும். ஆனால் போடாதே என்றேன். இந்தியாவில் எக்ஸிட் நடத்துகிறவர்கள் மிகக் குறைவு. அந்தச் சிலவற்றுக்குள்ளேயே அடைந்துகொண்டால், உன்னைக் கண்காணிக்க நினைப்பவனுக்கு வேலை மிச்சம். நீ டோருக்குள் நுழையும் இடத்தையும் அந்தச் சில வாசல்களையும் பார்த்து, நேரத்தை ஒப்பிட்டால் போதும். நாட்டைக் குறிக்காமல் விட்டால், எந்த வாசல் என்பது உனக்கே முன்கூட்டித் தெரியாது. ஆள் தெரியாமல் இருப்பதற்கு அதுதான் அடிப்படை.

எக்ஸிட்டை யார் வேண்டுமானாலும் நடத்தலாம் என்பதும் நினைவிருக்கட்டும். 2007இல் டான் எகர்ஸ்டாட் என்ற ஸ்வீடன்காரர் தானே சில எக்ஸிட்களை நடத்தி, அவற்றின் வழியே போன தூதரக மின்னஞ்சல் கடவுச்சொற்களைப் பிடித்து வெளியிட்டார். இந்தியத் தூதரகங்களும் அதில் இருந்தன. இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ்ஸில் (தளத்துக்கும் நமக்கும் இடையே போவதைப் பூட்டி அனுப்பும் முறை) இருப்பதால் எக்ஸிட் நடத்துகிறவருக்கு உள்ளடக்கம் தெரியாது. எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது இன்னும் தெரியும்.

இனி என் கோபம். கேப்ச்சா, அதாவது நீ மனிதன்தானா என்று தளம் வைக்கும் படச் சோதனை! எக்ஸிட் முகவரிகள் எல்லாருக்கும் தெரிந்த பட்டியல், ஸ்பாம் அனுப்புகிறவர்களும் அதே வழியில்தான் வருகிறார்கள், அதனால் தளங்கள் சந்தேகப்படுவதில் நியாயம் உண்டு. சரி. ஆனால் பஸ் இருக்கும் கட்டத்தையெல்லாம் தொட்டு முடித்த பிறகு சிக்னல் கம்பத்தைக் காட்டு, அதையும் காட்டினால் மறுபடி பஸ் என்றால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? நாட்டை மாற்றினாலும் இது தீராது.

அப்போது நான் செய்வது ஒன்றுதான். டோர் உலாவியின் முகவரிப் பட்டையில் இருக்கும் சர்க்கியூட் படத்தைத் தொட்டு, மூன்று ரிலேக்களும் வரிசையாகத் தெரியும் பட்டியலில், இந்தத் தளத்துக்குப் புதிய வழி கேட்பேன். முதல் ரிலே அப்படியே நிற்கும். அடுத்த இரண்டும் மாறும். கடைசி வரியில் எக்ஸிட் நாடாக இருந்த ஜெர்மனி போய் ருமேனியா வரும், பக்கம் திறந்துவிடும். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கடைசி வரி மாறுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கிறது. பிபிசி போல ஆனியன் முகவரி (டோருக்குள்ளேயே இயங்கும் தள முகவரி) வைத்திருக்கும் தளங்களுக்கு எக்ஸிட்டே தேவையில்லை, அது இன்னும் நிம்மதி.

விபிஎன், அதாவது ஒரு நிறுவனத்தின் சர்வர் வழியே இணையத்துக்குப் போகும் சேவை, பரவாயில்லையா என்றும் கேட்டான். 2022இல் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், விபிஎன் நிறுவனங்களிடம் வாடிக்கையாளர் விவரங்களை 5 வருடம் வைத்திருக்கச் சொன்னதும் சில பெரிய நிறுவனங்கள் இந்திய சர்வர்களையே எடுத்துவிட்டன. ஆனாலும் அவன் வேலைக்கு விபிஎன்தான் சரி. சொந்தப் பெயரில் லாகின் செய்யப் போகிறவன் அந்தத் தளத்திடம் எதை மறைக்க வேண்டும்?

ஆகவே அவனுக்கு டோர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று ராத்திரி கேப்ச்சா படுத்திய பாட்டில் யார் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். என் லேப்டாப்பில் மட்டும் அது இருக்கும், எக்ஸிட் வரியைத் தொடாமல்.