பழைய பட்டுப்புடவையா, பனியன் கட்டிங்கா, கரூர் கட்பீஸா? சிறு தையல் கூடத்துக்கு ஓர் ஒப்பீடு

மிஞ்சிய துணியிலும் பழைய துணியிலும் பை, உறை, விரிப்பு தைத்து விற்கும் சிறு கூடம் ஒன்றைத் தமிழ்நாட்டில் தொடங்க நினைப்பவருக்கு மூன்று மூலப்பொருள்கள் எளிதில் கைக்கு எட்டுகின்றன: பீரோவில் மடிந்து கிடக்கும் பழைய பட்டுப்புடவை, திருப்பூரில் எடைக்குக் கிடைக்கும் பனியன் கட்டிங் வேஸ்ட், கரூரில் திரைச்சீலையும் மேசை விரிப்பும் தைக்கும் நிறுவனங்களில் மிஞ்சும் கட்பீஸ். இவற்றுள் எது மலிவு என்று விசாரித்துவிட்டுத்தான் பலரும் இறங்குகிறார்கள். ஆனால், தைத்த பொருளை யாரிடம், என்ன சொல்லி விற்கப்போகிறோம் என்பதைத் துணியே பெருமளவு முடிவு செய்துவிடுகிறது என்பதால், கிலோ விலையைக் கடைசியாகப் பார்ப்பதே நல்லது.

பார்வைக்கு முதலிடம் பட்டுக்குத்தான். அதில் உள்ள சிக்கல்களும் அதிகம். அசல் வெள்ளிச் சரிகை உள்ள பழைய புடவையை வெள்ளிக்காகவே வாங்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் தரும் விலைக்குச் சிறு கூடம் ஈடுகொடுக்க முடியாது. ஆகவே நமக்கு வந்து சேர்வது சரிகை சாதாரணமான புடவையாகவோ, இழை நைந்த புடவையாகவோ இருக்கும். 5.5 மீட்டர் நீளமும் பயன்படும் என்று கணக்குப் போடக் கூடாது. ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்த இடம் மடிப்போடு கிழியும். குதிகாலில் உரசிய கீழ்க்கரை, ஃபால்ஸைப் பிரித்துப் பார்த்தால், பொடிந்திருக்கும். இடுப்பைச் சுற்றி உள்ளே போகும் முதல் சுற்றுத்தான் பெரும்பாலும் புதிது போல இருக்கும். இரு கட்டைவிரல்களுக்கு இடையில் துணியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்து, 'பர்' என்று சத்தம் கேட்டால் அந்தப் பகுதியை ஒதுக்கிவிட வேண்டும். தேறிய பகுதிக்கும் பின்னால் ஃப்யூசிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் தாங்குதுணி) ஒட்டியோ, பருத்தி உள்துணி வைத்தோதான் பையாகத் தைக்க முடியும். ஆக, இலவசமாக வந்த புடவையானாலும் அதில் விழும் கூலி மற்ற இரண்டையும்விட அதிகம்.

இதைவிடப் பெரிய தடை வாங்குபவரின் மனத்தில் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் உடுத்திக் கழித்த புடவையில் தைத்த பையை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நம் ஊரில் சுபகாரியத்துக்கு எடுத்துச் செல்லப் பலரும் தயங்குவார்கள். அதே சமயம், தம் பாட்டியின் கூறைப்புடவை கைப்பையாகவோ, பேத்தியின் பாவாடையாகவோ, பூஜையறைத் திரையாகவோ மாறி வந்தால், அதற்குக் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்பவர்களும் அவர்களே. எனவே பட்டை விலைக்கு வாங்கிச் சேர்த்துக் கடை பரப்புவதைக் காட்டிலும், வாடிக்கையாளர் கொண்டுவரும் குடும்பப் புடவையைத் தைத்துக் கொடுப்பதே என் கணிப்பில் புத்திசாலித்தனம். பொருளுக்கு முதல் போட வேண்டாம். பாதிக் கூலியை முன்பணமாகக் கேட்கலாம். விற்காமல் தேங்கும் சரக்கு என்ற பேச்சே இல்லை. கத்தரி வைக்கும் முன் புடவையை விரித்துப் படம் எடுத்து, எந்தப் பகுதி தேறாது என்று ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது மட்டும் கட்டாயம், ஏனெனில் வெட்டிய பட்டுக்கு ஈடு எந்தக் கடையிலும் கிடையாது. விளம்பரத்துக்கும் இதில் குறைவில்லை. புடவையாக இருந்தபோது எடுத்த படத்தையும் பையான பின் எடுத்த படத்தையும் அருகருகே இன்ஸ்டாகிராமில் போட்டால் போதும். மற்றதை உறவினர் கூட்டமே பேசிப் பரப்பிவிடும்.

பனியன் கட்டிங்கின் கதை வேறு. அது யாரும் உடுத்தாத துணி, நிறங்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் கழுத்தும் அக்குளும் வெட்டிய மிச்சமாக, கோணல்மாணலான துண்டுகளாகவே பெரும்பாலும் வரும். நிறம் பிரிக்கவே ஓர் ஆள் வேண்டும். அதோடு, அது பின்னல் துணி என்பதால் இழுத்தால் நீளும். ஒரு தேங்காயைப் போட்டுத் தொங்கவிட்டால் பை முழங்கால்வரை இறங்கிவிடும். பை தைக்க ஆசைப்படுபவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. மாறாக, இதில் வரும் சிங்கிள் ஜெர்சி எனப்படும் மெல்லிய பின்னல் துணியை நாடாவாக வெட்டி இழுத்தால், ஓரங்கள் தாமாகவே சுருண்டு உருண்டை நூலாகிவிடும். அதைக் கொண்டு மிதியடி, கூடை, பூந்தொட்டி உறை பின்னலாம். வேலை நிதானமாகத்தான் நடக்கும், ஆனால் இயந்திரமே தேவையில்லை. விற்பனைக்குக் கண்காட்சிகள் பொருந்தும், ஏனெனில் பின்னிய மிதியடியின் கனமும் மென்மையும் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், படத்தில் தெரியாது.

கரூர் கட்பீஸ் கவர்ச்சி இல்லாதது. கூடத்தின் வாடகையைக் கட்டக்கூடியது அதுதான் என்பது என் கருத்து. நெய்த துணி, நேரான ஓரம், கனத்தைத் தாங்கும் நெருக்கம், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே நிறத்தில் மூட்டையாகக் கிடைக்கும் வாய்ப்பு. கல்யாணத் தாம்பூலப் பைக்கு இவை அத்தனையும் தேவை: நூற்றுக்கணக்கான பைகள், ஒரே அளவு, தேங்காயைத் தாங்க வேண்டும், உடுத்திய துணியாக இருக்கக் கூடாது. இங்கே எச்சரிக்கை ஒன்று உண்டு. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு மாநிலத்தில் தடை வந்து, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கிய பின், கோயம்பேடு சந்தையில் இயந்திரத்தில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை வரும் நிலை உருவானது. வெறும் துணிப்பை என்ற அளவில் அந்த விலையோடு மோதினால் கையிருப்பும் கரையும். கரையில் இரண்டு நிறத் துணியை இணைத்துத் தைப்பது, மணமக்கள் பெயரை அச்சிடுவது, காய்கறி வாங்கவும் பின்னாளில் பயன்படும் அளவுக்கு அடிப்பகுதியை அகலமாக விடுவது ஆகியவைதான் அதிக விலையை நியாயப்படுத்தும். இதற்கு இன்ஸ்டாகிராமைவிட மண்டப மேலாளர், சமையல் ஒப்பந்தக்காரர், பத்திரிகை அச்சடிப்பவர் ஆகிய மூவரிடமும் மாதிரிப் பை ஒன்றைக் கொடுத்துவைப்பது அதிகம் பயன்தரும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. அந்த இரு மாதங்களில் துணியைப் பிரித்து வெட்டிவைத்தால் ஆவணியிலும் தையிலும் திணற வேண்டியதில்லை.

'கழிவிலிருந்து பிறந்தது' என்ற கதையை மட்டும் நம்பி விற்க முடியுமா என்ற கேள்விக்கு ஆரோவில்லின் சுனாமிகா பொம்மையைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். 2004 சுனாமிக்குப் பின், மீனவக் கிராமப் பெண்கள் துண்டுத்துணியில் செய்த அந்தச் சிறு பொம்மைகள் உலகெங்கும் போயின. ஆனால் அவை விற்கப்படவில்லை, அன்பளிப்பாகவே கொடுக்கப்பட்டன. செலவை நன்கொடை தாங்கியது. விலை வைத்து விற்பவருக்கு அது வழிகாட்டியாகாது.

இணையத் தளங்களைப் பொறுத்தவரை, கைவினைப் பொருள்களை வெளிநாடுகளுக்கும் விற்க உதவும் எட்ஸியில் ஒரு பொருளைப் பட்டியலிட 20 சென்ட், விற்றால் 6.5 விழுக்காடு கட்டணம். ஒன்றுபோல் மற்றொன்று இல்லாத பட்டுப்பைக்கு ஒவ்வொன்றுக்கும் தனிப் படம், தனி விவரம் என்று ஆகும். ஒரே மாதிரி செய்யக்கூடிய கட்பீஸ் பைக்கு ஒரு பட்டியலே போதும். உள்நாட்டில், சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை மாநிலத்துக்குள் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. 2023 அக்டோபர் முதல் இணையத் தளம் வழியே மாநிலத்துக்குள் விற்பவருக்கும், உரிய எண் ஒன்றைப் பெற்றுக்கொண்டால், இது பொருந்துகிறது. மாநில எல்லையைத் தாண்டும்போது விதி மாறும். கைவினைப் பொருள்களுக்குச் சில விலக்குகள் இருப்பதால், பெங்களூருக்கு முதல் பார்சலை அனுப்பும் முன் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.